சைக்கிள் வாங்குமுன் கம்பி எண்ணுங்கள்

ஒருவர் புது சைக்கிள் வாங்கிவிட்டார் என்றால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கியர்?" எதிர்வீட்டு மாமா கேட்பார். டீக்கடையில் நிற்கும் முகம் தெரியாத ஆள்கூடக் கேட்பார். "இருபத்தொண்ணு" என்றால் புருவம் உயரும். "ஏழு" என்றால் "அவ்ளோதானா?" என்று ஒரு பரிதாபப் பார்வை கிடைக்கும். "சக்கரத்துல எத்தனை கம்பி?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கம்பி எண்ணுவது என்றாலே தமிழில் வேறு அர்த்தம் ஆகிவிட்டது, என்ன செய்வது!

சரி, விஷயத்துக்கு வரலாம். கையில் கொஞ்சம் காசை வைத்துக்கொண்டு, பாகம் பாகமாகச் சேர்த்து ஒரு ரோடு பைக் கட்ட நினைப்பவர் முதல் காசைச் சக்கரத்தில் போட வேண்டும். அடுத்த காசு டயருக்கும் பிரேக்குக்கும். கியர், பெயின்ட், எடைக்குறைப்பு எல்லாம் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். விற்பவர்களும் வீடியோ போடுபவர்களும் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர் தலைகீழ். அந்தத் தலைகீழ்ப் பாடத்துக்கு அதிக விலை கொடுப்பது பணக்காரர்கள் அல்ல. அவர்களுக்குச் சக்கரம் போனால் இன்னொரு சக்கரம்.

எம்.கே.பி. நகரில் வசிக்கும் ஒரு கல்லூரி மாணவனை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டி வளர்ந்தவன். (2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. 2005-06 முதல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது.) இப்போது அவனுக்கு வேகம் வேண்டும். வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் வைத்த வண்டி வேண்டும். தப்பே இல்லை. வியாசர்பாடிப் பையன்கள் கால்பந்தில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். கையில் இருப்பது பகுதி நேர வேலையில் சேர்த்ததும், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்ததும். ஒரு தடவைதான் வாங்க முடியும்.

அவன் ஓட்டப்போகிற சாலை எது? வார நாட்களில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை, மூலக்கடை, பேசின் பிரிட்ஜ். மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போன கணேசபுரம் சுரங்கப்பாதை. ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை தாண்டி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர். ஒரு பக்கம் கடலின் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி. அந்த லாரிகள் உழுது போட்ட தார். லாரி டயர் கிழிந்து உதிர்த்த, மயிரிழை போன்ற இரும்புக் கம்பித் துண்டுகள் சாலையோரம் எங்கும் கிடக்கும். சைக்கிள்காரனுக்கு விட்டுவைத்திருப்பதும் அந்த ஓரத்தைத்தான்.

இந்தச் சாலையில் ஒரு சக்கரம் 'டக்'கென்று கோணிக்கொண்டால் நஷ்டம் ரிம் காசு மட்டுமா? பின்னால் வருவது கண்டெய்னர். பேச்சு இதனால்தான் சக்கரத்தில் தொடங்க வேண்டும்.

தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளின் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. இங்கிலாந்திலிருந்து வந்த கணக்கு அது. ஆளும் மூட்டையும் பின்னால்தானே உட்காருகிறார்கள், அதனால் பின்னுக்கு அதிகம். பெரம்பூரில் பின்னி மில் ஓடிய காலத்தில் ஷிஃப்டுக்குப் போனவர்களைச் சுமந்ததும், இன்றைக்கும் காசிமேட்டில் மீன் கூடையைச் சுமப்பதும் அந்தக் கணக்குதான்.

இப்போது 'ரோடு பைக்' என்று இணையத்தில் படம் காட்டும் சக்கரங்களை எண்ணுங்கள். முன்னால் 20, பின்னால் 24. ரிம் உயரமாக, பளபளவென்று, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர் போட்டு. பார்க்க அழகுதான். ஆனால் 36 கம்பியில் ஒன்று உடைந்தால் மிச்சம் 35 பேர் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். சக்கரம் லேசாக ஆடும். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். 20இல் ஒன்று உடைந்தால் ரிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையிலோ ஃபிரேமிலோ உரசி நின்றுவிடலாம். எண்ணூரிலிருந்து சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

"கம்பி கூடினால் எடை கூடுமே?" என்று ஒரு கேள்வி வரும். கூடட்டும். 20/24க்குப் பதில் 36/36 என்றால் 28 கம்பி அதிகம். 2 மி.மீ. தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்று, நிப்பிளோடு சேர்த்துச் சுமார் 8 கிராம். மொத்தம் சுமார் 224 கிராம் வரும். 70 கிலோ ஆள், 11 கிலோ வண்டி என்று வைத்தால் 81 கிலோவில் இது 0.3 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஏறுகிற எடை. சுற்றுகிற எடை இரண்டு மடங்காகக் கணக்காகும் என்று பயமுறுத்துவார்கள். அது வேகம் பிடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். ஒரே வேகத்தில் போகும்போது சமதரையில் எதிரி எடை அல்ல, காற்று. வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். அதற்கு ஆல்ப்ஸ் மலைச் சக்கரம் எதற்கு?

இன்னொரு வேடிக்கை. எல்லோரும் கும்பிடும் அந்தக் கியர் எண்ணிக்கைதான் பின்சக்கரத்தின் பலத்தைத் தின்கிறது. பல் தட்டுகளுக்கு இடம் விட வேண்டும் என்பதால் வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்து நிற்கின்றன. வலப்பக்கம் விறைப்பு, இடப்பக்கம் தளர்ச்சி. 5 தட்டு 7 ஆகி, 8 ஆகி, அதற்கேற்ப ஃபிரேமின் பின்பக்க அகலம் 120 மி.மீ.யிலிருந்து 126, 130 என்று வளர்ந்தும் இந்தக் கோணல் தீரவில்லை. ஆகவே கியர் வைத்த பின்சக்கரத்துக்குத்தான் கம்பி அதிகம் வேண்டும். சந்தையோ கியரைக் கூட்டிக் கம்பியைக் குறைத்து விற்கிறது!

கம்பி எண்ணிக்கை பாதி. மீதிப் பாதி, அதைக் கட்டியவர் கை. கம்பி உடைவது பெரும்பாலும் முறுக்கி இறுக்கியதால் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜம் வேறு. தளர்வாக இருக்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் நெகிழ்ந்து, இறுகி, நெகிழ்ந்து, இறுகி, ஹப்பில் வளைந்து மாட்டியிருக்கும் இடத்தில் களைத்துப்போய் ஒடிகிறது. பேப்பர் கிளிப்பை வளைத்து வளைத்து ஒடிப்பது மாதிரி. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் சைக்கிள் சக்கரம் பற்றி 1981இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் வற்புறுத்திய வேலைகளில் ஒன்று மிக எளிமையானது: சக்கரம் கட்டி முடித்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து நன்றாக அழுத்த வேண்டும். வளைவுகளில் தங்கியிருக்கும் அழுத்தம் அப்போது போய்விடும். கருவி வேண்டாம், கைப்பிடி போதும். மலிவு வண்டிகளின் மெஷின் சக்கரங்களில் இறுக்கம் ஏற்றத்தாழ்வாகவே இருப்பதுண்டு. சில நூறு கிலோமீட்டரில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தால், கதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே ஹப், ரிம், கம்பி மூன்றையும் தனித்தனியாக வாங்கி, வீல் கட்டத் தெரிந்த ஒருவர் கையில் கொடுப்பதே மலிவும் புத்திசாலித்தனமும். ரிம் அலுமினியமாக, இரட்டைச் சுவர் உள்ளதாக, 36 ஓட்டையோடு இருக்கட்டும். ஒல்லியான ஆளுக்கு 32 போதும். கம்பி ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய சாதாரணக் கம்பி கடற்காற்றில் சீக்கிரம் வெளுத்துத் துருப்பிடிக்கும், நிப்பிளும் கம்பியும் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை பெண்டு எடுக்கவே முடியாமல் போகும். காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. "28 இன்ச்" என்று கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். தாத்தா சைக்கிளின் 28×1½ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. ரோடு பைக்கின் 700சி சக்கரத்தையும் 28 என்றுதான் சொல்கிறார்கள், அதன் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர்தானே என்று எந்தப் பலசாலியாலும் ஏற்றிவிட முடியாது. 26இலும் இதே கூத்து உண்டு. மெல்லிய 26×1⅜ என்றால் 590, மலை சைக்கிளின் 26 என்றால் 559. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அது பொய் சொல்லாது.

ஹப் விஷயத்தில் 7 தட்டு மலிவு வண்டிகளில் பல் தட்டுக் கட்டு அப்படியே திருகி ஏற்றும் ஃப்ரீவீலாக இருக்கும். அதில் வலப்பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நுனி தாங்குவாரில்லாமல் நீண்டு நிற்கும். பள்ளத்தில் விழுந்து விழுந்து அச்சு வளையும், பிறகு ஒடியும். ஷிமானோ 1978இல் கொண்டுவந்த ஃப்ரீஹப் அமைப்பு பேரிங்கை வலது ஓரத்துக்கே தள்ளி இந்த நோயைத் தீர்த்தது. பட்ஜெட்டில் ஒரே ஒரு 'ஆடம்பரம்' செய்யலாம் என்றால் அது ஃப்ரீஹப் உள்ள பின் ஹப்பாக இருக்கட்டும். பால்ரஸ் போட்ட ஹப் என்றால் எந்தத் தெருக்கடையிலும் பிரித்து, கிரீஸ் வைத்து, மாட்டித் தருவார்கள். பின்னால் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குல உருண்டை, அவ்வளவுதான். மூடிய பேரிங் போட்ட ஹப் என்றாலும் பயமில்லை, அதன் மேல் பொறித்த எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆலைகள் சூழ்ந்த வடசென்னையில் பேரிங் கடைக்கா பஞ்சம்? ஆனால் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற மாதிரித் தண்ணீரில் வண்டி முழுகினால், எந்த ஹப்பானாலும் உடனே பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

டயருக்கு வரலாம். 23 மி.மீ. டயரைக் கல் மாதிரிக் காற்றடித்து ஓட்டினால்தான் வேகம் என்பது பழைய மூடநம்பிக்கை. கரடுமுரடான சாலையில் அப்படி ஓட்டினால் சக்கரம் துள்ளும், ஒவ்வொரு துள்ளலிலும் மிதித்த சக்தி வீணாகும். பிரான்ஸில் 1896இல் தொடங்கிய பாரி-ரூபே பந்தயம் கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போனது. உலகத்தின் வேகமான கால்கள் சமீப ஆண்டுகளில் அங்கே 30 மி.மீ.யும் அதற்கு மேலும் அகலமான டயர் போட்டு ஓட்டுகின்றன. அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் பாரி-ரூபே. வியாசர்பாடிக்காரனுக்கோ தினமும் காலையும் மாலையும்! 28 மி.மீ.க்குக் குறைந்து வாங்காதீர்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் 32. நடுவில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயராகப் பார்த்து எடுங்கள்.

வால்வு சின்ன விஷயம்தான், ஆனால் நடுத்தெருவில் நிறுத்துவதும் அதுதான். ரோடு பைக் டியூபில் மெலிந்த பிரெஸ்டா வால்வு வரும். பங்க் கம்ப்ரெஸரின் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்துவிட்டால் தீர்ந்தது. அல்லது மோட்டார் சைக்கிள் வால்வுக்கு ஓட்டை போட்ட ரிம்மாகவே வாங்கலாம். ஊரோடு ஒத்து வாழ்வது சைக்கிளுக்கும் பொருந்தும்.

பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது வெறும் சம்பிரதாயம். அலுமினிய ரிம் கட்டுவதற்கு இதுவே போதுமான காரணம். மலிவு டிஸ்க் பிரேக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓரளவு நல்ல கட்டையும் புதிய கேபிளும் போட்ட இரட்டை மையக் கேலிப்பர் அதைவிட ஒழுங்காக நிறுத்தும். வளைந்த ஹேண்டிலின் சாதாரண லீவர் இழுக்கும் கேபிள் நீளம் குறைவு, வி-பிரேக் கேட்பதோ அதிகம். இரண்டையும் இணைத்தால் கேபிள் மாட்டும், வண்டி நிற்காது. கேலிப்பர் வாங்குமுன் 28 மி.மீ. டயரும் மட்கார்டும் அதற்குள் நுழையுமா என்றும் அளந்துவிடுங்கள்.

கடைசியாக, ஊரே கேட்கிற அந்தக் கியர். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7 என்ற பெருக்கல் கணக்கு. அதில் பல ஒன்றையொன்று ஒத்தவை, சில செயினைக் குறுக்கே இழுப்பதால் பயன்படுத்தவே கூடாதவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.13 மீட்டர் போகும். முன்னால் 46 பல், பின்னால் 16 பல், நிமிஷத்துக்கு 80 மிதி என்றால் மணிக்கு 29 கிலோமீட்டர். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் இதற்கு மேல் போனால் அது தைரியமல்ல. பளபளக்கும் 50×11ஐ நிமிஷத்துக்கு 90 மிதித்தால் மணிக்கு 52 கிலோமீட்டர் வரும். எங்கே ஓட்டுவது, கடலுக்குள்ளா? முன்னால் ஒரு தட்டு, பின்னால் 7 அல்லது 8. சமதரைக்கும் மேம்பாலத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் தாராளம். 8 தட்டுச் செயின், 11, 12 தட்டுச் செயினைவிட மலிவு, மணலையும் பொறுத்துக்கொள்ளும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் குழுவாக நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, நல்ல தார்ச் சாலையில், மெலிந்த உயர் ரிம் காற்றைக் கொஞ்சம் கிழித்துக் கொடுக்கும். பந்தயத்தில் அந்தக் கொஞ்சமே வெற்றி தோல்வி. மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு வீட்டில் இன்னொரு சைக்கிள் இருக்கும், உடைந்தால் ஏற்றிவரக் காரும் இருக்கும். ஒரே வண்டியில் கல்லூரிக்கும் வேலைக்கும் எண்ணூருக்கும் போகிறவனுக்கு அவருடைய அறிவுரையை அப்படியே விற்பதுதான் அநியாயம். பழைய கார்பன் ஃபிரேமைச் 'சல்லிசா வந்துச்சு' என்று அவன் தலையில் கட்டுவதும் அதே ரகம். கார்பனின் விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம். பழைய இரும்பு ஃபிரேம் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், விட்டுப்போனால் வெல்டிங் பட்டறையில் ஒட்டும்.

ஆக, ஃபிரேம் போக மிச்சமுள்ள பணத்தை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி இருக்கட்டும். ஹப், ரிம், கம்பி, கட்டுக்கூலி சேர்த்து 40. டயர், டியூப் 15. பிரேக், லீவர், கேபிள் 15. கிராங்க், செயின், பல் தட்டு, டிரெய்லர் எல்லாம் சேர்த்து 15. மீதி 15 சீட், பெடல், ஹேண்டில், முக்கியமாக விளக்கு. பின் விளக்கு இல்லாமல் கண்டெய்னர் சாலையில் போகிறவனுக்கு எந்தச் சக்கரமும் உதவாது.

இதில் இன்னொரு ஆளின் பிழைப்பும் இருக்கிறது. பக்கத்து அம்பத்தூரில் ஆலை வைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949இல். சைக்கிள் ஊறிய நகரம் இது. வாடகை சைக்கிள் காலத்தில் தெருவுக்கொரு கடை, கடைக்கொரு வீல் கட்டத் தெரிந்த கை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்து, பட்ட இடத்தைப் பார்த்துப் பெண்டு எடுக்கும் அந்த அண்ணனிடம் 'ட்ரூயிங் ஸ்டாண்டு' இருக்காது. கம்பியைத் தட்டி ஓசையிலேயே இறுக்கம் சொல்வார். "தம்பி, இந்த ரிம்மு வேணாம், காசு வேஸ்ட்டு" என்று நேராகச் சொல்லவும் செய்வார். விற்பனை இலக்கு இல்லாதவர் வாயிலிருந்துதான் அந்த வாக்கியம் வரும். எல்லோரும் பெட்டியில் வரும் ஆயத்தச் சக்கரத்தையே வாங்கினால் அவர் பஞ்சர் மட்டும் ஒட்டுவார், பிறகு அதையும் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவார். அன்றைக்கு 36 கம்பி வாங்கினாலும் கோர்க்க ஆள் இருக்காது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சொல்லிவைத்த ஊர், இன்றைக்குத் தேரின் பெயின்டைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை தெருவில் யாராவது புது சைக்கிளோடு வந்து நின்றால் கியரைக் கேட்காதீர்கள். குனிந்து கம்பிகளை எண்ணுங்கள். இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள், எது தொளதொளக்கிறது என்று கைக்கே தெரியும். ஓட்டுகிறவன் முறைப்பான், பரவாயில்லை. தொளதொளப்பது எண்ணூர்ச் சாலைக்குப் போகுமுன் தெரிவது நல்லது.